மச்சான் கையில் கயிறு

"ஆ…!"

அலறல் கேட்டதும் மோகனின் நெஞ்சு துள்ளியது.

விழுந்துவிட்டாள்!

அவன் கை வைக்காமலேயே… தானாகவே!

பாறையைச் சுற்றிக்கொண்டு ஓடினான். ஓடும்போதே முகத்தைச் சோகமாக மாற்றிக்கொள்ளவும் மறக்கவில்லை.

அருவிக்குக் கீழே, முழங்கால் அளவுத் தண்ணீரில், முழுசாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள் நதியா. அவன் மனைவி.

"இன்னாங்க, பயந்துட்டீங்களா? கால்ல மீனு கடிச்சிச்சு!"

"நான்… இன்னாவோ ஏதோன்னு…"

மோகனுக்கு அழுகையே வந்தது. அவள் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டாள். பாவம்!

மோகனுக்கு வேலூரில் டைல்ஸ் கடை. அந்தக் கடையில் பில் போடுகிறவள் பிரியதர்ஷினி. பில்லோடு நிற்காமல் அவன் மனசுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னை எப்பக் கட்டிக்கப் போறே?" என்று தினமும் நச்சரிப்பு.

நதியாவிடம் விவாகரத்துப் பேச்சை ஒரே ஒரு முறை எடுத்தான்.

"செத்தாலும் தர மாட்டேன்!" என்றாள்.

செத்தால் எதற்கு விவாகரத்து?

மோகனுக்கு யோசனை முளைத்தது அந்த இடத்தில்தான்.

கோடை விடுமுறை. ஜவ்வாது மலை. சொந்தக் கார். டிரைவர் கிடையாது, கைடு கிடையாது. போனில் இறக்கி வைத்த மேப்பைப் பார்த்துக்கொண்டு தினம் ஒரு மலைப்பாதை. "நீயும் நானும் மட்டும் நடப்போம், நதி!" என்றான். ஆறு வருஷமாக அம்மா வீட்டைத் தாண்டி எங்கும் கூட்டிப் போகாத புருஷன் இப்படிச் சொன்னதும் அவள் உருகிப்போனாள்.

திட்டம் சந்தவாசலிலேயே ஓட்டை விழுந்தது.

அது அவளுடைய அம்மா வீடு இருக்கும் ஊர். இட்லி சாப்பிட நிறுத்தினார்கள். திரும்பி வந்து பார்த்தால் பின் சீட்டில் அருள்! நதியாவின் தம்பி. ஆரணியில் ஜிம் நடத்துகிறவன். தோள் இரண்டும் கதவை அடைத்துக்கொண்டிருந்தன.

"மாமா, நானும் வர்றேன்! ஜிம்முக்கு லீவு வுட்டுட்டேன்!"

"அதுக்கின்னா… வா… வா…"

சிக்னல் இருக்கும்போதே, தம்பியும் கூட வருவதைப் பிரியதர்ஷினிக்கு மெசேஜில் தட்டிவிட்டான் மோகன். மூன்று பேரும் மலை ஏறினார்கள்.

முதல் நாள் அருவியில் திருவிழாக் கூட்டம்; அந்த மீன்கடியோடு சரி. இரண்டாம் நாள் போன வியூ பாயின்ட்டில் கூட்டமே இல்லை. அருளும் காலில் கொப்புளம் என்று காரிலேயே படுத்துவிட்டான். மோகன் பரபரத்தான். ஆனால், அங்கே புளி பொறுக்கிக்கொண்டிருந்த மாணிக்கம்மாள் என்ற மலைக்காரப் பெண் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டாள்.

"எங்களுக்கு வழி தெரியும்மா, நீங்க போங்க."

"வழி தெரியும் சாமி, கரடி தெரியுமா? அசலூர்க்காரங்கள தனியா வுட்டுட்டு நான் எப்டி வூட்டுக்குப் போவேன்?"

உச்சிவரை வந்தாள். நதியாவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இறங்கும்போதும் விடவில்லை. கடவுளே, இந்த மலையில் ஒரு மனுஷன் நிம்மதியாகக் கொலை செய்ய முடியாதா?

ராத்திரி மோகனுக்குத் தூக்கம் இல்லை. பிரியதர்ஷினிக்குப் பேசலாம் என்றால் எங்கும் சிக்னல் இல்லை. காலையில் ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து ஓட்டினான்.

"இன்னாங்க, உடம்பு சரியில்லையா?" என்றாள் நதியா.

"நல்லாத்தான் இருக்கேன்!" என்று எரிந்து விழுந்தான்.

மூன்றாம் நாள் தேன்பாறை. அதுதான் கடைசி. விட்டால் நாளைக்கு ஊர் திரும்ப வேண்டும்!

ஒரு மணி நேர ஏற்றம். உச்சியில் தட்டையான பாறை. அதன் விளிம்பிலிருந்து கீழே பார்த்தால் மரங்களெல்லாம் கொத்தமல்லிக் கட்டு.

"அருளு, தண்ணி பாட்டில கார்லயே வுட்டுட்டேன்டா… எடுத்துனு வர்றியா?"

"போய்ட்டு வர்றேன் மாமா."

அவன் தலை மறைந்தது. சுற்றிலும் யாரும் இல்லை!

மோகன் தோள்பையைக் கழற்றிப் பாறை மேல் வைத்தான். இரண்டு கையும் வேண்டுமே.

நதியா விளிம்பில், முதுகைக் காட்டிக்கொண்டு…

"எவ்ளோ அழகு பாருங்க!"

"பாக்கறேன்… பாக்கறேன்…"

ஓடினான். கைகளை நீட்டினான்.

அதே நொடியில் ஒரு மலைத்தேனீ நதியாவின் மூக்குக்கு நேராக வந்து ரீங்கரித்தது.

"ஐயோ!" என்று அப்படியே குந்திவிட்டாள்.

மோகனின் கைகள் காற்றைத் தள்ளின. கால்கள் அவள் மேல் தட்டின. அடுத்த வினாடி அவனுக்குக் கீழே பாறை இல்லை!

விழுந்தது இருபது அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டில். முழங்கை உரிந்தது. உயிர் இருந்தது. தலைக்குப் பக்கத்தில் கறுப்பாக என்னவோ தொங்கியது. அது அசைந்தது. முறம் அளவுக்குத் தேன்கூடு!

மூன்று நாளாக ஒரு நிமிடம் சும்மா இருக்காதவன் இப்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு படுத்திருந்தான்.

மேலே நதியாவின் கதறல். "என்னக் காப்பாத்த வந்து வுழுந்துட்டீங்களே! சாமி… யாராவது வாங்களேன்!"

வந்தான் ஒருவன். கருப்பன். மலைத்தேன் எடுக்கிறவன். தோளில் முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிறு.

"அழுவாதம்மா. சார், ஆடாம இருங்க! கூட்டத் தொட்டுடாதீங்க!"

கயிற்றை மரத்தில் ஒரு சுற்று சுற்றிக் கீழே விட்டான். அதற்குள், அக்காவின் கதறல் கேட்டுப் பாதி வழியிலேயே திரும்பிய அருள் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"நீ யாருப்பா இவருக்கு?" என்றான் கருப்பன்.

"மச்சான். அக்கா புருஷன் இவரு."

"நல்ல நேரத்துல வந்த. முனைய நீ புடி. நான் புடிக்கக் கூடாது."

"ஏன்?"

"பாறைல தொங்குறவன் கயித்த அவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் புடிக்கணும். எங்க மலைல அதான் சட்டம். நான் தேனுக்கு எறங்குறப்போ என் மச்சான்தான் புடிப்பான். கூடப் பொறந்தவ தாலிய அறுக்க எவனுக்கும் மனசு வராதுல்ல?"

அருள் முனையைக் கையில் சுற்றிக்கொண்டான். ஜிம் உடம்பு! இரும்புப் பிடி!

மோகன் முடிச்சு முடிச்சாக ஏறினான். பாதி வந்துவிட்டான். இன்னும் பத்தடிதான்…

பாறை மேல் இருந்த பை சிணுங்கியது.

மூன்று நாளாக ஊமையாகக் கிடந்த அவனுடைய செல்போன்! பாழாய்ப்போன சிக்னல் இந்த உச்சியில்தானா கிடைக்க வேண்டும்!

"எடுக்காத!" என்று கத்தினான்.

"ஒதவிக்கு ஆளக் கூப்ட வேணாமா?" என்றபடி நதியா எடுத்தாள். 'டைல்ஸ் கம்பெனி' என்றது திரை. ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மோகன்! லைனே கெடைக்கல. முடிஞ்சுதா? அவளத் தள்ளிட்டியா? கூட வந்த தம்பிக்காரனுக்குச் சந்தேகம் வரலையே?"



நதியா போனையே பார்த்தாள். தன்னைக் காப்பாற்ற வந்தவன் என்று ஒரு நிமிடம் முன்புவரை அழுதிருக்கிறாள். அந்த அழுகையை நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

"ஹலோ? முடிஞ்சுதான்னு கேட்டேன்!"

"இல்லம்மா," என்றாள் நதியா நிதானமாக. "பாதியில தொங்குது."

கட் செய்தாள்.

கயிறு ஒரு முழம் கீழே நழுவியது!

"அருளு! டேய்! மச்சான்!"

"யாருக்கு யாருடா மச்சான்?" அருளின் கழுத்து நரம்புகள் புடைத்தன. "அக்கா… வுட்டுடட்டுமா? கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிடலாம்!"

"நதி! உன் தாலி மேல சத்தியமா… புத்தி கெட்டுப் போச்சு… அந்தப் பிரியதர்ஷினிதான்…"

"என் தாலியப் பத்தி நீ பேசாதே!"

ஆறு வருஷமாக அவனுக்குக் கொடுத்த மரியாதை அந்த நிமிடமே உதிர்ந்துவிட்டது.

"அருளு, வுட்டுடாதடா. வுட்டா நீ ஜெயிலுக்குப் போவணும். அங்க போவ வேண்டியவன் இவன். நான் போலீசுக்குப் பேசறேன்."

ஆனால் அருளின் பிடி இளகியது. அக்காவின் சொல்லும் அவனுடைய ஆத்திரமும் அந்தக் கையில் மல்லுக்கட்டின. கயிறு இன்னொரு முழம் இறங்கியது. கருப்பன் பாய்ந்து முனையைப் பிடுங்கினான். மரத்தில் மூன்று சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான்.

மோகன் அந்தரத்தில் தொங்கியபடி அலறினான்.

"யோவ்! மச்சான்தான் புடிக்கணும்னு சொன்னியே! நம்பலாமாய்யா இந்த முடிச்ச?"

கருப்பன் எட்டிப் பார்த்து ஒரு பீடியைப் பற்றவைத்தான்.

"தைரியமாத் தொங்குங்க சார்… மரத்துக்கு அக்கா தங்கச்சி கெடையாது!"