சரெப்தாவின் நீல நாடா

ரிம்மா முகவாய்க்குக் கீழே கட்டிக்கொண்டது நீல நாடா. கண்ணாடியில் தெரிந்ததோ வெள்ளை.

வெளிச்சம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். நவம்பர் பிற்பகல், வோல்காவிலிருந்து கிளம்பிய மூடுபனி பழைய சரெப்தா ஊர் முழுவதையும் விழுங்கி, அந்தக் கால ஜெர்மன் சகோதர சபையார் கட்டிவிட்டுப் போன தடித்த சுவர் வீடுகளையும் ஜெபக்கூடத்தையும் ஒரே சாம்பல் நிறமாக்கியிருந்தது. கூடத்துக்குள் கடுகெண்ணெய் வாசமும் பழைய மெழுகு வாசமும் கலந்து கிடந்தன. தேன் ரொட்டி வாங்க வந்தவள், பேருந்துக்கு நேரமிருக்கிறதே என்று உள்ளே நுழைந்திருந்தாள். பார்க்க வரும் பெண்களுக்கு அங்கே சபைப் பெண்களின் துணித்தொப்பியைப் போட்டு அழகு பார்ப்பார்கள். சிறுமிக்குச் சிவப்பு நாடா, கல்யாணமாகாதவளுக்கு இளஞ்சிவப்பு, கணவன் உள்ளவளுக்கு நீலம், விதவைக்கு வெள்ளை. சபையில் பெயரைக் கேட்கும் முன்பே நாடாவைப் பார்த்துவிடுவார்களாம்.

இப்போது அருங்காட்சியகமான அந்தக் கூடத்தின் காப்பாளர் தாய்சியா மார்க்கோவ்னா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

"நான் நீலந்தாம்மா குடுத்தேன். வெள்ளை நாடா எங்ககிட்ட கிடையவே கிடையாது."

வேறொரு நீல நாடாவை எடுத்து அவரே முடிச்சுப் போட்டார். விரலை எடுக்கும் முன்பே அது வெளுத்துவிட்டது. கிழவி சிலுவை போட்டுக்கொண்டு, சாவி எடுத்து வருவதாக ஏதோ முணுமுணுத்தபடி வெளியே போனார். போனவர் போனவர்தான்.

ரிம்மாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கூடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம்; பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, இழுவைப்படகில் வேலை செய்யும் கணவன் க்ளேபைப் போனில் பிடித்தாள். கால்வாயின் முதல் மதகுக்குக் கீழே படகு மூடுபனியில் மாட்டி நிற்கிறதாம். ஒரு கயிறு சிக்கிக்கொண்டதாம், விளிம்பில் இறங்கி எடுத்துவிடப் போகிறானாம்.

"இறங்காத. கரைக்குப் போ."

"கரையில இருந்துக்கிட்டே கப்பல் ஓட்டுறியா?" என்று சிரித்தான்.

"சிரிக்காத க்ளேப். சொன்னதைச் செய்."

பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. அப்புறம் இன்னொன்று. திரும்பினாள். கடைசி வரிசையில் வெள்ளைத் தொப்பிகள். வெள்ளை நாடா உண்டு, முகமில்லை. ஒருத்திக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வரமாட்டேன்," என்றாள் ரிம்மா. "எனக்குப் புருஷன் இருக்கான்."

ஆண்கள் வாசல் திறந்தது. ஈர பூட்ஸ் சத்தம். ஆற்றுச்சேற்று நாற்றம். ஒருவன் வந்து ஆண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. முழங்கையில், க்ளேபின் சட்டைக்கு அவள் போட்ட அதே ஒட்டு. மேல்சட்டை சொட்டிக்கொண்டிருந்தது.

போனில் க்ளேப் இன்னும் முனகிக்கொண்டிருந்தான்.

அந்தக் கூடத்தில் எந்தப் பெண்ணும் நடுவழியைத் தாண்டி ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்ததில்லை. ரிம்மா போனாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்தாள். ஐஸ்.

"இவன் என் புருஷன். எனக்கு நீலந்தான். மாத்துங்க."

"சரி, படகை விட்டு இறங்கிட்டேன். கரையில நிக்கிறேன், போதுமா?" என்றது போன்.

போனுக்குள் சரளைக்கல்லில் க்ளேபின் பூட்ஸ் உரசுவது கேட்டது. மூச்சு வாங்கியது. உயிருள்ள மூச்சு. ரிம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி பெஞ்சைப் பார்த்தாள். காலி. குனிந்து நாடாவைப் பார்த்தாள்.

நீலம். நல்ல நீலம்.

ஜெயித்துவிட்டாள். கையை இழுத்தாள்.

வரவில்லை. புருஷன் என்று அவள் சொன்னவன் பிடித்திருந்தான்.

"வீட்டுக்கு எப்ப வர்ற, ரிம்மா?" என்று கேட்டான் கரையில் நின்ற க்ளேப்.

பக்கத்திலிருந்தவன் மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். சொட்டும் இன்னொரு கையை நீட்டி, அவள் முகவாய்க்குக் கீழே நீல முடிச்சை இழுத்து இறுக்கினான்.