தடித்த கம்பி கீழே

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வக்கீல் வீட்டு மாடிக்கு நான் போனது, ஒரு முட்டாளுக்குக் கிட்டாரில் கம்பி கட்டக் கற்றுக்கொடுக்கத்தான். அப்படி நினைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

பழைய வீடு. மரப்படிகள் ஒவ்வொன்றும் முனகின. வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. மாடி ஹாலில் ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். தரைவிரிப்பில் ஈர நாற்றம். அதற்கு மேல் மர பாலிஷ் வாசனை. நீள மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தக் கூட்டம் மாதம் ஒரு தடவை கூடும். ஒவ்வொருவரும் தன் கிட்டாரை மேசைமேல் வைத்து, அதன் கதையைச் சொல்ல வேண்டும். கதை முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அதுதான் சட்டம். வாசிப்பதா? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். எட்டு கிட்டார் வைத்திருக்கும் ஆடிட்டருக்கு ஒரு பாட்டு முழுசாக வராது. வக்கீலுக்கு விரல் வலிக்குமாம். ஆனால் ஒரு கீறலைக் காட்டி அரை மணி நேரம் பேசுவார்கள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கீறல்களில் பாதி, என் பட்டறையில் நானே சாவிக்கொத்தால் போட்டவை.

நான் கிட்டார் பழுது பார்க்கிறவன். பழசாக்கியும் கொடுப்பேன். கதையும் சேர்த்துக் கொடுப்பேன்.

என்னை வரச் சொன்னவர் பல் டாக்டர். ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். ராத்திரி சரியாகக் கட்டி வைக்கிற கம்பிகள் காலையில் தலைகீழாக இருக்கின்றனவாம். வலதுகைக்காரர் வாசிக்கும் கிட்டாரில் தடித்த கம்பி மேலே இருக்கும், மெல்லியது கீழே. இடதுகைக்காரருக்கு அப்படியே நேர்மாறு. இந்தச் சின்ன விஷயத்தில்கூடக் குழம்புகிறாரே என்று எனக்குச் சிரிப்பு.

அந்தக் கிட்டாரை அவருக்கு விற்றது நான்தான். அது என் மனைவியின் தம்பியுடையது.

அவன் ஆம்புலன்ஸ் டிரைவர். இடதுகைக்காரன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறதென்று எப்போதும் ஒரு தைலம் தேய்த்திருப்பான். அவன் வந்தால் வாசலிலேயே மணக்கும். அவனை நான் ஒரு நாளும் மதித்ததில்லை. உண்மையைச் சொன்னால், இந்தக் கூட்டம் மொத்தத்தையும்விட, என்னையும்விட, அவன் நன்றாக வாசிப்பான். அதனால்தான் மதிக்கவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது என்னிடம் சொன்னான். "மாமா, என் கிட்டாரை இடதுகைக்காரங்க யாருக்காச்சும் சும்மா குடுத்துடுங்க. கம்பியை மட்டும் மாத்திப் போட்டுடாதீங்க."

"சரிடா" என்றேன்.

அவன் போய் இரண்டாம் மாதம் மாற்றிப் போட்டேன். கிட்டாரின் கழுத்து நுனியில் கம்பிகள் உட்கார ஓர் எலும்புத் துண்டு இருக்கும். இடதுகைக்கு ஏற்ப நானே அவனுக்குச் செய்து கொடுத்தது, ஒரு தடவை விரிசல் விட்டு நானே பசை போட்டது. அதைப் பெயர்த்துக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது வைத்தேன். பிறகு டாக்டரிடம் கதை விட்டேன். கப்பலில் பாடிக்கொண்டிருந்த ஒருவர், கப்பல் தீப்பிடித்து, இந்தக் கிட்டாரைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் கடலில் மிதந்து உயிர் பிழைத்தார் என்று. மூன்று நாள் தண்ணீரில் கிடந்தால் ஒட்டு விட்டுப் பலகை பலகையாகக் கழன்றுவிடும். அதுகூட உறைக்காமல் மனிதர் வாயைப் பிளந்து கேட்டார். பணம் எனக்குப் பெரிதில்லை. இவர் எவ்வளவு தூரம் விழுங்குவார் என்று பார்க்க ஆசை.

மனைவியிடம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லியிருந்தேன். அவள் அடிக்கடி கேட்பாள். "அந்தப் பிள்ளைங்க வாசிக்குதாங்க?" நான், "நல்லா வாசிக்குது" என்பேன். அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குவாள். உலகத்தில் நான் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஆள் அவள்தான். இது தெரிந்தால் ஒரு நிமிஷம் என்னோடு இருக்க மாட்டாள்.

டாக்டர் கிட்டார்ப் பெட்டியைத் திறந்தார். "பாருங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் கட்டினேன்."

"மேலேர்ந்து கீழே ஆறு கம்பியை எண்ணத் தெரியல. முப்பத்திரண்டு பல்லை எப்படி எண்ணுறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குனிந்தேன்.

தடித்த கம்பி கீழே இருந்தது. அது சரி, முட்டாள்தனம். ஆனால் கழுத்து நுனியில் இருந்த எலும்பு மஞ்சளாக இருந்தது. மூன்றாவது பள்ளத்தில் ஒரு விரிசல். விரிசலில் வழிந்து காய்ந்த என் பசை.

நான் குப்பையில் எறிந்தது.

தைலம் மணந்தது.

ஆறு கம்பிகளையும் கழற்றினேன். தடித்த கம்பியைச் சின்னப் பள்ளத்தில் அழுத்தித் திணித்து, வலதுகைக்கு ஏற்றபடி கட்டி முடித்தேன். "எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்று பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினேன். வக்கீல் சாட்சிபோலத் தலையாட்டினார்.

பெட்டிக்குள்ளே ஒரு சத்தம்.

கிர்ர்.

கம்பியை முறுக்கும் சாவி திரும்புகிற சத்தம். முப்பது வருஷமாக என் காதில் விழுகிற சத்தம்.

கிர்ர். கிர்ர்.

நிதானமாக, பழகின கை திருப்புவதுபோல. மொத்தம் ஆறு தடவை.

ஆடிட்டர் கிசுகிசுத்தார். "டாக்டர்... உங்க கதையில யாராவது செத்தாங்களா?"

"இல்லையே. கப்பல்காரர் பிழைச்சுட்டாரே..." டாக்டர் என்னைப் பார்த்தார். குலை நடுங்குகிற நேரத்திலும் அந்த மனிதருக்குக் கதையில்தான் சந்தேகம் தீரவேண்டும். பிறகு தயங்கிச் சொன்னார். "மத்தியானம் உங்க கடைக்குப் போன் பண்ணேன். வீட்டம்மா எடுத்தாங்க. விஷயத்தைச் சொன்னதும், பின்பக்கம் சிவப்பு பெயிண்ட் சொட்டு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். கூட்டம் எங்கன்னும் கேட்டாங்க."

ஆம்புலன்சுக்குப் பெயிண்ட் அடித்தபோது தெறித்த சொட்டு.

மரப்படி முனகியது. நனைந்த குடையோடு என் மனைவி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக மேசைக்குப் போனாள். பெட்டிமேல் கை வைக்கப் போனவளை அந்த வக்கீல் தடுத்தார். "அம்மா, கதை சொல்லாம தொடக் கூடாது. அது எங்க வழக்கம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் இத்தனை நாள் நான் கிண்டலடித்த அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. இவர்கள் முன்னால் என் மூக்கு உடைபடுவதா?

"இது வேற கிட்டார்மா" என்றேன். "ஒரு கப்பல்ல..."

மூடிய பெட்டிக்குள் ஒரு கம்பி அதிர்ந்தது.

நான் நிறுத்தவில்லை. தீப்பிடித்ததைச் சொன்னேன். இன்னொரு கம்பி. மூன்று நாள் மிதந்ததைச் சொன்னேன். இன்னொன்று. தைல வாசனை மூச்சை அடைத்தது. அவள் அசையாமல் கடைசிவரை கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

கொக்கியைத் தட்டித் திறந்தாள். தடித்த கம்பி கீழே. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வு அடங்கியது.

"அவங்களைப் பாத்துத்தான் சிரிக்கிறீங்கன்னு இத்தனை நாளா நினைச்சேன்" என்றாள்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். குடையை அங்கேயே விட்டுவிட்டாள்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். போன் பண்ணினால் எடுப்பதில்லை. கிட்டாரும் அவளிடம்தான். என் வீட்டில் இல்லை, பட்டறையிலும் இல்லை.

ஆனால் தினமும் காலையில் என் மணிக்கட்டு தைலம் மணக்கிறது.

வலதுகைக்காரன் நான். கம்பியை அழுத்துவது இடது கை. முப்பது வருஷமாகக் காய்த்துப்போயிருந்த என் இடது கை விரல் நுனிகள் தோலுரிந்து மெத்தென்று ஆகிவிட்டன. வலது கை விரல் நுனிகளில் இப்போது காய்ப்பு. ராத்திரியெல்லாம் அழுத்தியதுபோல நாலு விரலிலும் கம்பித் தடம்.

நேற்று ஆடிட்டர் தன் கிட்டாருக்குப் புதுக் கம்பி கட்டக் கொடுத்தார். நானே கட்டினேன். கண்ணை எடுக்காமல், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக் கட்டினேன்.

மேசைமேல் இருக்கிறது. தடித்த கம்பி கீழே.