அரைக் கிலோமீட்டர்

காலையில் கூடாரங்களைச் சுருட்டிக் கட்டியதும் முதல் வேலை வண்டிகளை இணைப்பது. என் மின்பைக்கின் முகப்புத்திரையில் நான் விரலை வைத்தேன். பக்கத்து வண்டியில் இசக்கிராஜன் வைத்தான். இரண்டிலும் பச்சை விளக்கு வந்தது. இனி மாலை வரை இரண்டு மோட்டார்களும் கண்ணுக்குத் தெரியாத கயிற்றில் கட்டுப்பட்டவை. அரைக் கிலோமீட்டருக்கு மேல் விலகினால் நின்றுவிடும்.

இணைப்பயணச் சட்டம் என்று பெயர். மலைச்சாலைகளில் தம்மோடு வந்தவரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பெருகிப்போனதால் வந்தது. இணை இல்லாமல் யாரும் சொந்த மாவட்டத்தைத் தாண்ட முடியாது. நல்ல சட்டம்தான், இணை ஒழுங்காக அமைந்தால். எனக்கும் இசக்கிராஜனுக்கும் விவாகரத்து சட்டென்று கிடைத்துவிட்டது. இணைப்பதிவை மாற்றும் வரிசைதான் நகரவே இல்லை. திருநெல்வேலியிலேயே கிடந்து புழுங்குவதைவிட இவனோடாவது போய்த் தொலையலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். அஸ்ஸாம், மேகாலயா, நாகாலாந்து என்று சுற்றிவிட்டு, இப்போது அருணாசலத்தின் செலா கணவாய். விவாகரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து அவனை 'நீ' என்று கூப்பிடும் உரிமை. அதைக் கஞ்சத்தனம் பார்க்காமல் செலவழித்து வந்தேன்.

முந்தின நாள் சமவெளிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்திருந்தோம். ஏரி அழகாக இருக்கிறதென்று கணவாயிலேயே கூடாரம் அடித்துவிட்டோம். உள்ளூர்க்காரர்கள் அந்த உயரத்தில் டீ குடிப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், இறங்கிப் போய்விடுவார்கள். படுக்க மாட்டார்கள்.

"மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"தூக்கம் இல்ல, நாச்சியாரு. கூடாரம் வேறயா இருந்தும் உன் குறட்டை விடலயே. மனுசன் எங்ஙன தூங்க?"

வாய் குறையாததால் நம்பிவிட்டேன். ராத்திரியெல்லாம் அவனுக்குத் தலை பிளந்திருக்கிறது. சொன்னால் நான் சிரிப்பேன் என்று மறைத்திருக்கிறான், மடையன்.

பனிமூட்டத்தில் நான் முன்னால் இறங்கினேன். சில வளைவுகள் தாண்டியதும் மோட்டார் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. 'இணை விலகியது. திரும்புக' என்றது திரை. இணையிடம் திரும்பிப் போக மட்டும் வண்டி ஓடும். திட்டிக்கொண்டே மேலே ஏறினேன்.

அவன் சாலையோரம் உட்கார்ந்திருந்தான். வண்டி பள்ளத்தில், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"நான் விழல. வண்டிதான்..." என்றான். முடிக்க மூச்சில்லை.

கைபேசியில் சிக்னல் இல்லை. வண்டிக்குச் செயற்கைக்கோள் தொடர்பு உண்டு. அதில் உதவி கேட்டேன். 'இருவரும் அவரவர் திரையில் விரல் வைக்கவும்' என்றது. அவன் திரை பள்ளத்தில் கிடந்தது. உயரம் நுரையீரலில் நீர் கோக்க வைத்தால், உடனே கீழே இறக்குவது ஒன்றுதான் வழி. இறக்கத்தின் முடிவில் ஜங் என்ற ஊரில் மருத்துவ முகாம் இருந்தது. அவனைப் பின்னால் ஏற்றிக் கூடாரக் கயிற்றால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினேன்.

முன்பு நின்ற இடத்திலேயே மோட்டார் மறுபடி நின்றது. இணை விலகியதாம். மனிதன் என் முதுகில் சாய்ந்து கிடக்கிறான். சட்டத்துக்கு இணை என்பது பள்ளத்தில் கிடக்கும் வண்டி. திரையின் அடியில் ஒரு சிவப்புக் கட்டம் விழித்தது: 'கைவிடுகிறேன்.' உதவிக்கு இரண்டு விரல் வேண்டும். கைவிட ஒன்று போதும்.

அதை அமுக்கினால் மோட்டார் விடுபடும். அமுக்கியவரோடு அதன்பின் வாழ்நாள் முழுக்க யாரும் இணைய முடியாது.

என் தோளுக்கு மேலாக அவனும் அதைப் பார்த்துவிட்டான். "அமுக்காத, நாச்சியாரு. ஊருக்குள்ளயே கெடந்தா நீ செத்துருவ."

"முதல்ல நீ சாகாம இரு."

பெட்ரோல் காலத்து ஓட்டுநர்கள் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவார்களாம். நானும் பிரேக்கை விட்டு வண்டியை உருட்டினேன். பிடித்து நிறுத்த மோட்டார் இல்லாததால் வண்டி பாய்ந்தது. இருந்த இரண்டு பிரேக்கும் கொஞ்ச நேரத்தில் தீய்ந்து நாறின. ஒவ்வொரு வளைவிலும் எதிரே லாரி வரக்கூடாதே என்று இசக்கியம்மனைக் கூப்பிட்டேன். அவன் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக, கல்யாணத்தில் ஆரம்பித்து வரிசையாகத் திட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான்.

பாலத்தைத் தாண்டியதும் சாலை மேடேறியது. வண்டி தளர்ந்து நின்றது.

"ஏ, கேக்குதா? உங்கம்மாவ ஒண்ணு சொல்லப் போறேன்!"

"ம்" வரவில்லை. அம்மாவைச் சொன்னால் அவன் விடவே மாட்டான்.

சிவப்புக் கட்டத்தை அமுக்கினேன்.

'பதிவாயிற்று. கைவிட்டவர்: நாச்சியார். ஊர் திரும்பும்வரை தனி ஓட்டத்துக்கு அனுமதி.' மோட்டார் உறுமியது. மேட்டைக் கடந்து சில வளைவுகள் இறங்கியபோது எதிரே சிவப்பு விளக்கோடு ஒரு மீட்பூர்தி ஏறி வந்தது. ஓட்டுநர் இல்லாத ஊர்தி. நான் கைவிட்டதாகப் பதிவானதுமே கிளம்பியிருக்க வேண்டும். பள்ளத்தில் கிடக்கும் வண்டியை நோக்கித்தான் அது போகிறது என்று புரிந்ததும், என் வண்டியைச் சாலையின் குறுக்கே நிறுத்திவிட்டேன். மோதுகிற தூரத்தில் ஊர்தி வந்து நின்றது.

உள்ளேயிருந்து ஒரு மருத்துவப் பணிப்பெண் குதித்தாள். அவள் தன் மோன்பா மொழியில் கத்த, என் காதிலிருந்த செவிபெயர்ப்பி அதைச் செந்தமிழாக்கியது. "வழி விடுங்கள். மேலே ஒருவர் கைவிடப்பட்டிருக்கிறார்."

"அது இவருதாங்க!"

அவள் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "இவர் மேலே இருப்பதாகக் காட்டுகிறது."

"திரையத் தூக்கிப் போடுங்க. உதட்டப் பாருங்க!"

பார்த்தாள். ஏதோ சொன்னாள், செவிபெயர்ப்பி மரியாதை கருதி அதை மொழிபெயர்க்கவில்லை. இருவருமாகக் கயிற்றை அவிழ்த்து அவனை உள்ளே கிடத்தினோம். ஆக்சிஜன் ஏற ஏற அவன் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நானும் ஏறக் காலை வைத்தேன். கதவு என்னை மறித்து மூடியது. 'கைவிட்டவருக்கு அனுமதி இல்லை.'

"கதவு எனக்குக் கட்டுப்படாது" என்றாள் அவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். "கீழே சேர்த்துவிட்டால் பிழைப்பார். தாமதிக்கக் கூடாது."

அவன் ஆக்சிஜன் முகமூடியை இழுத்துவிட்டு என்னைக் காட்டி ஏதோ சொன்னான். கேட்கவில்லை. அவள் முகமூடியை மறுபடி மாட்டினாள். ஊர்தி திரும்பிக் கீழே இறங்கியது.

சாலையில் நான் மட்டும் நின்றேன். யாரும் தனியாக விடப்படக் கூடாதென்று வந்த சட்டம் என்னைத் தனியாக விட்டுவிட்டது. திரையில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. தவாங்குக்கும் அதற்கப்பால் எல்லை வரைக்கும் இஷ்டம்போல் போகலாம். ஊர் திரும்பினால் அதன்பின் எங்கும் போக முடியாது. என் ஆயுளில் மிச்சமிருந்த ஒரே பயணம் இதுதான்.

சிவப்பு விளக்கு பனியில் மறையப் பார்த்தது. கைப்பிடியை முறுக்கிப் போய் எட்டிப் பிடித்தேன். அரைக் கிலோமீட்டர் என்ன, ஜங் வரும்வரை ஐம்பது அடிகூட அதை விலகவிடவில்லை.