மரத்தூளை எரித்துவிடு

ஐலா அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கைப்பிடிய எப்படி வேணா செதுக்கிக்கோ ஹில்யா. விழற தூள மட்டும் அடுப்புல போட்டுடு. வீட்டுல வச்சுக்காத."

காப்பியை முழுதாகக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள். மேசை மேல், அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன, அவள் கணவர் வில்ஜோவின் போட்டிக் கைத்துப்பாக்கி இருந்தது. எங்கள் சுடும் சங்கத்துக் கோப்பைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன மனிதர் அவர். மர ஆலையில் வலது மோதிர விரல் பாதி போன பிறகு, அந்தக் கைக்கென்றே வால்நட் மரத்தில் கைப்பிடி செதுக்கிக்கொண்டார். போன இலையுதிர் காலத்தில், குறி பார்த்து நீட்டிய கையோடு சுடுமிடத்திலேயே மாரடைத்துச் செத்தார். இறுகிய விரல்களைப் பிரிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்பார்கள். பின்லாந்தில் எங்கள் ஊருக்கு ஜூன் மாதத்தில் இருட்டே கிடையாது. எனக்கு நேர்ந்தது முழு வெளிச்சத்தில்.

கைப்பிடியை மட்டும் கழற்றிக்கொண்டு, துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டு, சவுனா என்கிற எங்கள் நீராவிக் குளியலறையின் முன்னறையில் உட்கார்ந்தேன். உள்ளங்கையில் லிப்ஸ்டிக்கைத் தடவி மரத்தைப் பிடித்தால், அழுத்துகிற இடத்தில் சிவப்பு ஒட்டும். ஒட்டிய இடத்தை அரத்தால் ராவ வேண்டும்.

என் கணவன் யோர்மா எட்டிப் பார்த்தான். "மரக்கட்டைக்கெல்லாம் லிப்ஸ்டிக் பூசற. எனக்காக ஒரு நாளாவது பூசியிருக்கியா?"

"நீயும் மரக்கட்டையா இருந்தா பூசறேன். போய் அடுப்பப் பத்த வை."

வில்ஜோவின் உள்ளங்கை தடித்தது. அதற்கேற்ற குழி என் கைக்கு ஆழமாக இருந்தது, மரத்தூளைப் பசையில் குழைத்த மக்கு வைத்து நிரப்ப வேண்டும். வேறு மரத்தூளில் மக்குக் குழைத்தால் நிறம் தனியாகத் தெரியும். அந்தந்த மரத்துக்கு அதனதன் தூள்தான். ஐலா அக்கா சொன்னது நினைவில் இருந்தது. ஆனாலும் இவ்வளவு நல்ல தூளை எரிக்க எனக்கு மனசு வரவில்லை. பசையில் குழைத்து, உள்ளங்கைக் குழியிலும் விரல் தடங்களிலும் அப்பினேன். கையை நனைத்து ஒருமுறை அழுத்திப் பிடித்து, என் தடம் பதிந்ததும் காய வைத்துவிட்டு, யோர்மாவோடு நீராவிக் குளியலுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மக்கில் இருந்தது என் கை இல்லை.

அகலமான உள்ளங்கை. தடித்த விரல்கள். மோதிர விரல் பாதியில் மழுங்கி நின்றது.

"நீ தொட்டியா?"

"உன் கூடத்தானே உள்ள இருந்தேன்?"

வீம்புக்கு மக்கை வழித்துச் சமன் செய்து, மறுபடி பிடித்தேன். ஈர மக்கு சில்லென்று இருக்க வேண்டும்.

வெதுவெதுப்பாக இருந்தது.

எந்திர எண்ணெய் வாடை வந்தது. ஈரக் கம்பளிச் சட்டை வாடை வந்தது.

பிறகு அது என் கையைத் திருப்பிப் பிடித்தது.

"யோர்மா... யாரோ புடிச்சிருக்காங்க."

அவன் சிரிக்கவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தான். அன்று வில்ஜோவுக்குச் செய்தது போலவேதான். கடைசியாக வந்தது மோதிர விரல். அது மரத்துப்போயிருந்தது.

கைப்பிடி, மக்கு, மீதித் தூள் எல்லாவற்றையும் சவுனா அடுப்பில் போட்டோம். எரிந்து சாம்பலாகும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஐலா அக்காவுக்கு போன் போட்டேன்.

"எல்லாத்தையும் எரிச்சாச்சுக்கா."

"பசையில கொழைக்கலையே?"

போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"கையால தொட்டியா ஹில்யா?" என்றாள். அழுகிற குரல் அது. போனை வைத்துவிட்டாள்.

எனக்குச் சோறு போடுவது இந்தக் கைதான். சந்தையில் ஏலக்காய் ரொட்டி விற்கிறேன். பயத்தில் கண்ணை மூடாமல் படுத்துக் கிடந்து, காலையில் வழக்கம்போல மாவு பிசைந்தேன். விரல்கள் ஐந்தும் முழுசாக இருந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். மோதிர விரலில் உணர்வு மட்டும்தான் இல்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மாவை உருட்டி, உள்ளங்கையால் அழுத்தி எடுத்தேன்.

அகலமான தடம். நான்கு விரல்கள் முழுசாக. ஒன்று பாதி.

மறுபடி அழுத்தினேன், இன்னும் பலமாக.

பின்னால் வந்து நின்ற யோர்மா மெதுவாகச் சொன்னான். "வேணாம் ஹில்யா. கைய எடு."

எடுக்கத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.