பட்டில் ஒரு சொல் அதிகம்

"அந்தத் தையல்காரி என் குடும்பச் சொத்தையே மாத்திட்டா!" என்று கத்திக்கொண்டே நுழைந்தார் கியோத்தோ பட்டு வியாபாரி சுகாவா. துப்பறிவாளர் மகாபே அசையவில்லை. உதவியாளர் தத்சுவோ ஆவலோடு குறிப்பேட்டைத் திறந்தான்.

மகளுக்கு முன்னூறு வருஷத்துக் கிமோனோவைச் சீதனமாகத் தருவதாகச் சுகாவா சொல்லியிருந்தார். உள்துணி கிழிந்திருந்ததால் தையல்காரி ஒகினுவிடம் தைக்கக் கொடுத்தாராம். திரும்பி வந்ததைப் பார்த்த சம்பந்தி மிசாவா, சாயம் புதுசு, இது போலி என்றுவிட்டார். சுகாவா போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். சேதி பரவி, இரண்டு வீட்டார் ஒகினுவிடம் கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

"ஊசி பிடிக்கிற ஜென்மம். அதுக்குக் கவிதை என்ன புரியும்?" என்றார் சுகாவா.

மறுநாள் காலை அவர் வீட்டிலேயே ஒகினு, மிசாவா உட்பட எல்லோரையும் மகாபே உட்கார வைத்தார். விரித்த கிமோனோவில் அலைகள், ஆளில்லாத படகு. இடையிடையே மூன்று சொற்கள் தைக்கப்பட்டிருந்தன: விடிந்தும், அலை, திரும்பவில்லை.

"உங்க அசல் எப்படி இருந்துச்சு?"

"அச்சு அசல் இதேதான். மூணு வார்த்தையும் புகார்லயே எழுதியிருக்கேனே! அப்படியே காப்பியடிச்சிருக்கா."

மகாபே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடிந்தும் அலையிலிருந்து படகு திரும்பவில்லை. இதான் கவிதை. படகுங்கிற வார்த்தை இங்க இல்ல, ஏன்? படம் இருக்கு. அந்தக் காலத்துல வரைஞ்சதை எழுத மாட்டாங்க. படத்தையும் சேர்த்து வாசிக்கணும். அலையை வரைஞ்சு 'அலை'ன்னு எழுதறது, கோழியை வரைஞ்சு கீழே 'கோழி'ன்னு எழுதற ரகம்."

"அப்போ அசல்ல அந்த வார்த்தை இருந்திருக்காதே!" தத்சுவோ துள்ளினான்.

"இருக்காது. ஆனா இருந்துச்சுன்னு இவர் கையெழுத்தே சொல்லுது. அசல்னு ஒண்ணு இந்த வீட்டுல இருந்ததே இல்ல. சம்பந்தி கண்டுபிடிச்சிடுவார்னு பயந்து, பழி போட ஆள் தேடியிருக்கார்."



"இது போலின்னு எனக்கு முதல் நாளே தெரியும்," என்றாள் ஒகினு. "பெரிய மனுஷருக்கு வாசிக்கத் தெரியலன்னு நான் எப்படிச் சொல்றது?"

மிசாவா தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

"அந்த ரெண்டு வீட்டுக்கும் வந்து நீங்களே சொல்லணும்," என்றாள் ஒகினு சுகாவாவிடம்.

அன்று மதியமே தத்சுவோ சுகாவாவையும் ஒகினுவையும் அழைத்துப் போனான். முதல் வீட்டு வாசலில் சுகாவா உண்மையை முணுமுணுத்தார்.

"சத்தமா," என்றாள் ஒகினு.