இரண்டாம் மின்னொளி

இரண்டாவது தாளில் இருந்தது ஐவியின் கையெழுத்துதான். ஆனால் அவள் அதை எழுதவில்லை. கடைசி வரியில் பென்சிலால், "வேண்டியது: வீட்டுக்குப் போகணும்."

றோலண்ட் மாஸ்டரின் குறும்பு என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் ஆடுவது, எண்பத்தைந்தாம் ஆண்டில் அவருடைய அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பிய விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, அதன் குணமும் வேண்டியதும் ஒரு தாளில் எழுதி, பல முகப் பகடை உருட்டி, பேசிப் பேசியே கதை நடத்த வேண்டும். ஞாயிறு மத்தியானங்களில் பொகவந்தலாவையில் அவருடைய குவார்ட்டர்ஸில் மூவரும் கூடுவார்கள்: கதை சொல்ல றோலண்ட், வாள் பிடிக்கும் மின்னொளியாக ஐவி டீச்சர், மின்னொளியின் தோழியாக அவள் தங்கை டோரீன். போன வாரம் குகைக்குள் மின்னொளிக்கு அச்சு அசலாக இன்னொருத்தி முளைத்தாள். அவளுக்கும் ஒரு தாள் போட்டு, அவளையும் ஐவியே ஆடட்டும் என்றார் றோலண்ட்.

மூன்று மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. தேயிலை ஃபேக்டரியிலிருந்து வரும் வாடிய கொழுந்தின் மணமும், தகரக் கூரையில் சொட்டும் ஈரமும், அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்த கேத்தலின் முனகலுமாக அறை கனத்துக் கிடந்தது. இருவரில் யார் நிஜம் என்று தோழி கண்டுபிடிக்க வேண்டும். தன்னைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்லும்படி இருவரையும் டோரீன் கேட்டாள்.

முதலாமவளாக ஐவி, பாம்புக்குப் பயந்தவள் நீ என்று ஏதோ கற்பனையாய்ச் சொன்னாள். இரண்டாமவளுக்காக யோசிக்கும் முன்பே வாய் பேசியது.

"அம்மாவப் பொதைச்ச அன்னைக்கு நீ குழி மண்ண அள்ளித் தின்ன. நான் யாருகிட்டயும் சொல்லல தங்கச்சி."

அப்படி நடந்தது ஐவிக்கே தெரியாது.

டோரீன் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு இரண்டாவது தாளில் விரல் வைத்தாள்.

"இவதான் நெசம்."

அப்படியென்றால் மற்றவள் குகையிலேயே தங்கிவிடுவாள் என்று சொல்லி றோலண்ட் பகடைகளைப் பொறுக்கினார்.

டோரீன் குடையை எடுத்தாள். "வாங்க அக்கா, போவோம்."

ஐவி எழுந்தாள். அதே நாற்காலியிலிருந்து அவளுக்கு முன்னால் இன்னொருத்தி எழுந்திருந்தாள். அதே பழுப்பு ஸ்வெட்டர். அதே கொண்டை. றோலண்ட் அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு பார்ப்போம் டீச்சர்."

கதவு சாத்திக்கொண்டது. ஐவி தாழ்ப்பாளைப் பிடிக்கப் போனாள். கைக்கு அது அகப்படவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். வெளியே ஒரே குடைக்குள் இரண்டு பேர். இன்னொருத்தி டோரீனின் தோளில் கை போட்டிருந்தாள். டோரீன் சாய்ந்துகொண்டாள்.

ஐவி கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள்.

கண்ணாடியில் மூச்சு படியவில்லை.