ஒழுகாத மாஸ்க்

மாஸ்க்கைக் கழற்றி உள்ளே தேங்கியிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றியபோது, அதில் குளோரின் வாடை இல்லை. பாசி வாடை அடித்தது.

பாலகோபால் மறுபடியும் மோந்து பார்த்தான். சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்புறம் இருந்த அந்த நீச்சல்குளத்தில் மருந்தைக் கொஞ்சமாகவா கொட்டுவார்கள், வாசலில் நின்றாலே கண் எரியும். கையில் இருந்ததோ வெயில் படாத கல்லிடுக்கில் ஊறிக் கிடந்த பழைய தண்ணீர். அவனுக்குத் தெரிந்த தண்ணீர்தான். தொண்டாமுத்தூரில் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் இப்படித்தான் வாடை வரும்.

டைவிங் சொல்லித்தரும் ரிஃபத்திடம் கையை நீட்டினான். ரிஃபத் மோந்துவிட்டு, வெறும் குளோரின்தான் என்றான்.

அது மூன்றாவது மாஸ்க். கடையில் வாங்கும்போதே வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது நம் முகத்துக்கானது. பாலகோபால் முகத்தில் ஒன்றும் நிற்கவில்லை. வாரை இறுக்கினான், ரப்பர் ஓரத்தில் வாசலின் தடவினான். அப்படியும் பத்தடி ஆழத்தில் போய் மண்டியிட்ட உடனே மேலுதட்டில் சில்லென்று ஒரு கோடு ஊறும், மூக்கின் இரண்டு பக்கமும் ஏறும், கண்ணின் கீழிமையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

"தப்பா நெனைக்காதீங்க சார். மாஸ்க் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. உங்க மீசைதான் ஒட்ட உடமாட்டீங்குதுங்க," என்றான் ரிஃபத்.

மீசை. அதில்தான் சிக்கல்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், விமானங்கள் ஓடாத அந்த மாதங்களில், அவன் அம்மா வெங்கடலட்சுமி மோட்டார் போடப் போய்த் தோட்டத்துக் கிணற்றில் வழுக்கி விழுந்தாள். பாலகோபால் அமெரிக்காவில் இருந்தான். காரியத்தை எல்லாம் செல்போனில் பார்த்தான். தலையும் மீசையும் எடுத்துக் கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். பெற்றவளுக்கு எடுக்க வேண்டிய மீசை அப்படியே இவன் முகத்தில் தங்கிப்போனது. ஊர் திரும்பிய அன்று அப்பா அரங்கசாமி அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "போனது போகட்டும் கண்ணு. நா போறப்ப எடுத்துக்கோ. அதுவரைக்கும் அதுல கை வெக்காத" என்றார்.

அன்றும் அவன் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சோறு இறங்கியது, வேலை நடந்தது, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பாவிடம் பேசினான். தோட்டத்து வீட்டில் அவர் ஒற்றை ஆளாக இருந்தார்; இவனுக்கும் உலகத்தில் மிச்சம் அவர் ஒருவர்தான். தண்ணீருக்கடியில் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்த அமைதிக்காகத்தான் டைவிங்குக்கு வந்தான். அதையும் இந்த ஒழுகல் கெடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்ணாடி முன் நின்று எடுத்துவிட்டான்.

ஆபீசில் பாதிப் பேருக்கு மீசை இல்லை, அவர்கள் அப்பன்மார் எல்லாம் செத்தா போய்விட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாஷ்பேசினில் முடி மிதந்தது. மேலுதடு வெளுத்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அம்மாவுக்கு எடுக்காத மீசையை ஒரு மாஸ்க்குக்காக எடுத்துவிட்டோமே என்று நினைத்து, வெட்கம் வருமா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை.

பத்து மணிக்குக் குளத்தில் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தான். கையை எடுத்தான். நின்றது. ரிஃபத் கைதட்டினான்.

கீழே போய் மண்டியிட்டான். ஒரு சொட்டு இல்லை. நீல டைல்ஸ் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது, குமிழிகள் காதோரம் குடுகுடுவென்று ஏறிப் போயின, மேலே வெயில் தகடு தகடாக ஆடியது, நெடுநாளைக்குப் பிறகு அவனுக்குத் தேவைப்பட்ட அந்த ஒன்றுமில்லாமை மெல்ல வந்து சூழ்ந்தது. அப்போதுதான் இருமல் கேட்டது.

காலையில் எழுந்ததும் அப்பா இருமும் இருமல்.

மூச்சை நிறுத்திப் பார்த்தான். குமிழிகள் நின்றன. இருமல் நிற்கவில்லை. புரையேறியவன் இருமுவதைப் போல, இடையில் மூச்சுக்குத் தவித்து, மறுபடி இருமல். எதிரே ரிஃபத் விரலை வளைத்துச் சரியா என்று கேட்டான். பாலகோபாலும் விரலை வளைத்துச் சரி என்றான்.

மேலே வந்ததும் மாஸ்க் கழலவில்லை. ஓரத்தில் விரலை விட்டுப் பிய்க்க வேண்டியிருந்தது. உள்ளே காய்ந்திருந்தது. செல்போனில் அப்பாவிடமிருந்து ஏழு அழைப்புகள். அவராக ஒரு நாளும் கூப்பிடுகிறவர் இல்லை.

"கண்ணு, மூக்குல தண்ணி ஏறுது," என்றார். வாய் நிறையத் தண்ணீர் வைத்துப் பேசும் குரல். "முங்குனாப்புல இருக்குது. கெணத்துப் பக்கமே நா போகல."

"எப்ப இருந்துங்க நைனா?"

"காத்தால எட்டு மணி இருக்கும்." இருமினார். "மீசைய எடுத்துப்போட்டியா கண்ணு?"

"இல்லீங்க நைனா," என்றான்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவனும் காரை எடுத்தான். டேஷ்போர்டில் பழைய கொரோனா மாஸ்க் ஒன்று கிடந்தது. அதை மாட்டி மேலுதட்டை மறைத்துக்கொண்டான். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை.

தோட்டத்தில் உச்சி வெயில். தென்னை மட்டை ஒன்றுகூட ஆடவில்லை. ஆம்புலன்ஸ் இன்னும் வந்திருக்கவில்லை. கிணற்றைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தான். போன வாரம் தண்ணீர் நின்ற இடத்திலிருந்து இரண்டு ஆள் ஆழத்துக்குக் கல் ஈரமாக வெளியே தெரிந்தது. மோட்டார் ஓடவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

வீட்டுக்குள் பாசி வாடை.

தரை காய்ந்திருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையும் தோளில் கிடந்த துண்டும் காய்ந்திருந்தன. இருமல் நின்றிருந்தது. நிறைகுடத்தைச் சுமப்பவர் மாதிரி தலையை அசைக்காமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கண்ணில் அவருடைய பழைய பவர் கண்ணாடி.

"அதக் கழட்டு கண்ணு," என்றார்.

மாஸ்க்கைக் கழற்றினான்.

அவர் பார்த்தார். கோபம் இல்லை. மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார்.

கண்ணாடிக்குள் தண்ணீர் நின்றது.

கீழ் விளிம்பில். விரல் நுழையும் இடைவெளி இருந்தது, கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில். ஆனாலும் வழியவில்லை. மங்கிய பச்சை. ஏறியது.

"நைனா."

கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காதுப்பக்கத்துக் கம்பி இரண்டும் கையோடு ஒடிந்து வந்தன. கண்ணாடி முகத்திலேயே நின்றது. ஒட்டிக்கொண்டு.

தண்ணீர் இமையைத் தொட்டது. கருவிழியை மூடியது. அவர் இமைக்கவில்லை. பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கண்களும் திறந்தபடி மகனின் வெறும் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகவில்லை.